அண்ணி இழுத்த வைப்பர்

எங்கண்ணனுக்கு வேலை டைல்ஸ் கடையில. பாத்ரூமுக்குப் போடுற டைல்ஸ் மேல ஒரு குவளைத் தண்ணியை ஊத்திட்டு, வாங்க வந்தவங்ககிட்ட "ஷூவை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க சார், வழுக்குதா?"ன்னு கேப்பான். வழுக்காது. அதை வச்சுக்கிட்டு, உலகத்துல இருக்குற எல்லாத் தரையோட பிடிமானமும் தனக்குத் தெரியும்னு ஒரு மிதப்பு. ஃபார்முலா ஒன் ரேஸை வச்சுக் கடைப் பசங்க அவனுக்கு வச்ச பேரு ஃபார்முலா. கிண்டலுக்கு வச்ச பேரு. அவன் அதைப் பட்டமா எடுத்துக்கிட்டு, கார் பின்கண்ணாடியில ஸ்டிக்கரா ஒட்டிக்கலாமான்னு என்கிட்ட யோசனை கேட்டான். ஒட்டிக்கோ, ஆனா நான் உன் தங்கச்சின்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். ஒட்டிக்கிட்டான்.

ஊருக்கு வெளியே ஒரு டிராக் இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு கிளப்காரங்க அதை வாடகைக்கு எடுத்து, சொந்தக் கார் வச்சிருக்குற யாரு வேணும்னாலும் வந்து ஓட்டலாம்னு விடுவாங்க. போட்டி கிடையாது, பரிசு கிடையாது, யாரு முந்தினா யாரு பிந்தினான்னு கேக்குறதுக்கும் ஆள் கிடையாது. பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், பெயின்ட் கடைக்காரர்னு வாரம் பூரா ஒரே இடத்துல நின்னு வேலை பாக்குறவங்க வந்து, ஆசை தீர ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டு, டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போவாங்க. அவ்வளவுதான் விஷயம். எங்கண்ணன் வீட்டுல மட்டும் இதுக்குப் பேரு ரேஸ்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. அவன் காரை டிரெய்லர்ல ஏத்தி இழுத்துட்டுப் போற பாவி நான்தான். கார் சீட்டுக்கு உறை தைக்கிறது என் தொழில். ஒரு ஷெட்டு, ரெண்டு தையல் மிஷின், ஒரு வேன். இவனோட மஞ்சள் கார் டிராக் வரைக்கும் தானா ஓடிப் போய்ச் சேரும்னு இவனுக்கே நம்பிக்கை இல்ல. அதனால மாசாமாசம் என் ஞாயித்துக்கிழமை காலி. கூடப் பொறந்த பாவத்துக்கு வேற என்ன செய்யறது.

உள்ளதைச் சொல்லிடறேன். அந்த டிராக்ல வர்ற அத்தனை பேர்லயும் மெதுவா ஓட்டுறவன் எங்கண்ணன். சுமாரா மெதுவா இல்ல, பாக்குறவங்களுக்குக் கொட்டாவி வர்ற அளவுக்கு மெதுவா. வளைவைக் கண்டா பிரேக். நேர் ரோட்டுல, இன்னும் கொஞ்ச தூரத்துல வளைவு வருமேன்னு பிரேக். பயந்தாங்கொள்ளி. சின்ன வயசுல இறக்கம் வந்தா சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கிட்டுப் போனவன் இவன். ஏண்டா இப்படின்னு கேட்டா, காரைச் சொல்லுவான், டயரைச் சொல்லுவான், காத்து எதிர்ப்பக்கம் அடிக்குதும்பான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.

கார் கனமா இருக்கு, அதான் போக மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சான் ஒரு நாள். அன்னிலேருந்து பிடுங்க ஆரம்பிச்சான். பின்சீட்டைப் பிடுங்கி என் ஷெட்டுல கொண்டு வந்து போட்டான். தரை விரிப்பு, கதவோட உள்பக்க அட்டை, கூரைத் துணி, பானட்டுக்கு அடியில இன்ஜினை மூடியிருந்த தகடு, வைப்பரை ஆட்டுற மோட்டார், ஒண்ணொண்ணா எல்லாம் போச்சு. வைப்பர் கையை மட்டும் விட்டு வச்சான், இல்லேன்னா கண்ணாடி மொட்டையா தெரியுதாம். மோட்டார் மட்டும் ரெண்டு கிலோன்னு கையில தூக்கிக் காட்டினான். ரெண்டு கிலோ குறையணும்னா ராத்திரிச் சாப்பாட்டுல கை வையேன், கார்ல ஏன் கை வைக்கிறேன்னேன். அவன் தொப்பைக்குப் பக்கத்துல அந்த மோட்டார் ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி இருந்துச்சு.

இதெல்லாம் சிரிச்சுட்டு விட்டுடலாம். விட முடியாதது அவன் வாய். டிராக்லேருந்து வீட்டுக்குப் போனதும், ஈரத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு சாப்பாட்டு மேஜையில உக்காந்து ஆரம்பிப்பான். மூணாவது வளைவுல பின்சக்கரம் ரெண்டும் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. முன்னாடி போனவன் காரு பல்டி அடிச்சு, நான் மயிரிழையில தப்பிச்சேன். பிரேக்கே பிடிக்கல, சுவரு என்னைப் பாத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. அத்தனையும் அண்டப்புளுகு. அந்த டிராக்ல சுவரே கிடையாது, புல்லுதான். ஒரு தடவை அந்தப் புல்லுல ஒரு மாடு அவனை வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுச்சு. அது கூட வெலகல.

கேக்குறது யாரு? அண்ணி. அண்ணிக்கு ஆஸ்பத்திரியில வேலை. எமர்ஜென்சி வார்டு வாசல்ல கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி உக்காந்து, உள்ளே வர்றவங்க பேரு, வயசு, என்ன ஆச்சுன்னு பதிஞ்சுக்கிற வேலை. வண்டியில அடிபட்டு வர்றவங்களை நாள் தவறாம பாக்குறவங்க. அவங்ககிட்ட போய் இந்த மடையன் சுவரு வந்துச்சு, சக்கரம் போச்சுன்னு கதை விட்டா எப்படி இருக்கும்? சோத்துல வச்ச கை அப்படியே நிக்கும். முகம் வெளுத்துப் போகும். இவனுக்கு அதைப் பாக்கப் பாக்க இன்னும் ரெண்டு வளைவு கூடும்.

நான் சும்மா இருக்கல. "அண்ணி, அவன் பொய் சொல்றான். அவனை டிரைவிங் ஸ்கூல் வண்டி கூட முந்திட்டுப் போகுது"ன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்குத் தெரியும்மா. நான் பயப்படக் கூடாதுன்னுதானே நீ இப்படிச் சொல்ற"ம்பாங்க. உண்மையைச் சொன்னா அதை ஆறுதலா எடுத்துக்கிறவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல. தலையில அடிச்சுக்கிட்டு வந்துடுவேன்.

பதினோரு வருஷம் இப்படியே போச்சு. இந்த வருஷம் அண்ணிக்குத் தலை சுத்தல் வந்துச்சு. கூட வேலை பாக்குற டாக்டரே பிரஷர் பாத்துட்டுத் திட்டியிருக்கார். மாத்திரை குடுத்தும் எறங்கல. மனசுல என்ன கவலைன்னு கேட்டிருக்கார். அண்ணி சொல்லியிருக்காங்க, எங்க வீட்டுக்காரர் ரேஸ் ஓட்டுறார்னு. டாக்டர், ஒண்ணு அவரை நிறுத்தச் சொல்லுங்க, இல்ல ஒரே ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க, கண்ணால பாக்காத பயம்தான் ஆளைத் தின்னும்னுட்டார்.

அண்ணி வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட நேராவே பேசினாங்க. "வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வரேன். பாக்குறேன். என்னால தாங்க முடியலேன்னா காரை வித்துடுங்க. தாங்க முடிஞ்சா, அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." அண்ணன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "சரி, உனக்காக"ன்னான். அங்கே நிமித்தின நெஞ்சு என் ஷெட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள தொங்கிப் போச்சு.

நான் ஒரு வேன் சீட்டுக்கு ஓரம் தைச்சுக்கிட்டு இருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தான்.

"அவ வரா."

"வரட்டுமே. எப்பவும் போல ஓட்டு. அண்ணி பயப்பட மாட்டாங்க. காரும் உன்கிட்டயே இருக்கும். உனக்கு வேண்டியது அதுதானே?"

"எப்பவும் போல ஓட்டினா அவ என்ன நெனப்பா?"

மிஷினை நிறுத்திட்டு அவனைப் பாத்தேன். ஐம்பத்து மூணு வயசு ஆளு, பரீட்சைக்குப் படிக்காதவன் முழிக்கிற முழி முழிச்சான்.

"அப்போ வேகமா ஓட்டு."

"வேகமா ஓட்டினா பயந்துடுவாளே. காரை விக்கணுமே." கொஞ்சம் நிறுத்திட்டு, "அதோட, வேகமா ஓட்டினா ஆபத்து"ன்னான்.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பத்திக்கிட்டும் வந்துச்சு. கடைசியில அவன் போட்ட திட்டம் என்னன்னா, அண்ணி பயப்படவும் கூடாது, சிரிக்கவும் கூடாது, அந்த மாதிரி நடுவாந்திரமா ஒரு வேகத்துல ஓட்டணும். அப்படி ஒரு வேகம் இருந்தா எனக்கும் சொல்லு, நானும் என் வீட்டுக்காரர்கிட்ட ஓட்டிப் பாக்குறேன்னு அனுப்பி வச்சேன்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சா மழை. சொட்டுச் சொட்டா இல்ல, கொட்டோ கொட்டுன்னு. நான் வேனை எடுத்துட்டுப் போனா, ஐயா வாசல்ல நனைஞ்சுக்கிட்டே நிக்கிறார், முகமெல்லாம் பல்லு. என் காதுகிட்ட வந்து, "மழைடீ. மழையில எல்லாரும் மெதுவாத்தான் போவாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னான். வானமே அவனுக்காகப் பொய் சொல்ல வந்த மாதிரி ஒரு குஷி.

அண்ணி நடு சீட்டுல உக்காந்தாங்க. மடியில ஒரு பெரிய பை. உள்ளே கட்டுப்போடுற துணி, பஞ்சு, ரெண்டு துண்டு, அவனுக்கு மாத்து உடுப்பு, ஒரு ஃபிளாஸ்க். வழி பூரா அந்தப் பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. எங்கண்ணன் அந்தக் கட்டுத் துணியை எட்டிப் பாத்துட்டு, "இன்னிக்கு அதெல்லாம் வேண்டியிருக்காது, கவனமாத்தான் ஓட்டுவேன்"னு வேற சொன்னான். அந்தக் கொழுப்பை நான் என்னன்னு சொல்ல. எனக்கு வண்டியை ஓரம் கட்டி நாலு குடுக்கலாம்னு தோணுச்சு.

டிராக்ல காரை டிரெய்லர்லேருந்து இறக்கினோம். சாவியைத் திருப்பினான். க்ருக். மறுபடி திருப்பினான். க்ருக், க்ருக். மேல் தகட்டைத்தான் எடைன்னு கழட்டிட்டானே, வழியெல்லாம் பேஞ்ச மழை முழுக்க பானட் இடுக்கு வழியா இன்ஜின் உள்ளேதான் போயிருக்கு. பிளக் ஒயரெல்லாம் தண்ணி சொட்டுது. பானட்டைத் தூக்கிட்டு, ஏதோ பெரிய ஆபரேஷன் பண்றவன் மாதிரி கையை நீட்டி, "துணி"ன்னான். அண்ணி பையிலேருந்து அவனுக்குன்னு கொண்டு வந்த கட்டுத் துணியை எடுத்துக் குடுத்தாங்க. இன்ஜினுக்குத்தான் முதல் கட்டுப் போட்டோம். பக்கத்துல நின்ன பல் டாக்டர் குடை பிடிச்சார். அரை மணி துடைச்சு, ஊதி, மறுபடி துடைச்சப்புறம் இருமிக்கிட்டே உயிர் வந்துச்சு.

அடுத்தது சோதனை. டிராக் உள்ளே போறதுக்கு முன்னாடி கிளப் ஆள் ஒருத்தர் ஒவ்வொரு காரையும் பாப்பார். மழைக்கோட்டுக்குள்ள மூக்கு மட்டும் தெரிஞ்ச மனுஷன்.

"வைப்பர் போடுங்க."

எங்கண்ணன் கை சுவிட்சு இருந்த இடத்துக்குப் போச்சு. அங்கே ஒரு ஓட்டைதான் இருந்துச்சு. எனக்கும் அப்பதான் உறைச்சுது.

"மோட்டார் எங்க?"

"கழட்டிட்டேன் சார். எடைக்காக."

அந்த ஆள் மெதுவா பார்வையை இறக்கி அவன் தொப்பையைப் பாத்தார். அப்புறம், "வைப்பர் ஆடாம மழையில விட முடியாது"ன்னுட்டு அடுத்த காருக்குப் போயிட்டார்.

அந்த நிமிஷம் எங்கண்ணன் முகத்தைப் பாக்கணுமே. துக்கம் மாதிரி வச்சுக்கிட்டான், ஆனா உள்ளே பால் பொங்குது. ஓட்டவும் வேண்டாம், தோக்கவும் வேண்டாம். "என்ன பண்றது, விதின்னா விதிதான். வா போகலாம்"னு அண்ணி தோளைத் தொட்டான். உள்ளே விட்டிருந்தா இன்னிக்கு நான் யாருன்னு காட்டியிருப்பேன்கிற மாதிரி ஒரு பெருமூச்சு வேற.

அண்ணி நகரல. "நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். இன்னொரு வாரம் இந்த மனசோட என்னால இருக்க முடியாது. வேற வழி இல்லையா?"

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அந்தப் பக்கம் டீ குடிச்சுக்கிட்டு நின்னார். நல்ல மனுஷன், பாவம், உதவி பண்றோம்னு நெனச்சு வாயைத் திறந்தார். "ஒரு கயிறு போதும்மா. ரெண்டு வைப்பர்லயும் கட்டி, ரெண்டு பக்கத்து ஜன்னல் வழியா உள்ளே விட்டுட்டா, பக்கத்து சீட்டுல ஒருத்தர் உக்காந்து இந்தப் பக்கம் ஒரு இழு, அந்தப் பக்கம் ஒரு இழு இழுக்கலாம். ஆடும்." சோதனைக்கார மனுஷனைக் கேட்டோம். "வைப்பர் ஆடணும். எப்படி ஆடுதுங்கிறது உங்க பாடு. ஹெல்மெட் ரெண்டு பேருக்கும் வேணும்"னார்.

கயிறு என் வேன்லயே இருந்துச்சு. சீட்டு தைக்கிற மெழுகு நூல் கயிறு, யானையைக் கட்டினாலும் அறாது. நானே கட்டினேன். எங்கண்ணன் என் பக்கத்துல வந்து குனிஞ்சு, "நீ இழு. நீ உக்காரு"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னான். நான் பதில் சொல்றதுக்குள்ள அண்ணி கதவைத் திறந்து உள்ளே உக்காந்துட்டாங்க.

"நான் இழுக்கிறேன்."

"வேண்டாம், ஆளு ஏறினா எடை கூடும்."

"மோட்டாரை எடுத்துட்டீங்கல்ல. அந்த எடைக்கு நான்"னாங்க அண்ணி. ஜோக்கடிக்கல. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, ரெண்டு கயிறு முனையையும் ரெண்டு கையில சுத்திக்கிட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் உக்காந்தாங்க. சாகப் போறவங்க உக்கார்ற மாதிரி. வலது ஜன்னல்லேருந்து வந்த கயிறு எங்கண்ணன் கழுத்துக்குக் கீழே குறுக்கே போச்சு. நான் கதவைச் சாத்தினேன்.

உள்ளே என்ன நடந்துச்சுன்னு அண்ணி அப்புறம் சொன்னது பாதி, நான் தகரக் கூரைக்கு அடியில நின்னு பாத்தது பாதி. முதல் சுத்துல அண்ணி வைப்பரை இழுத்த இழுப்பு ஒரு பெரிய புயலுக்குப் போதும். இடது, வலது, இடது, வலது. மூச்சு விடாம. கண்ணு முன்கண்ணாடியிலேயே இருந்துச்சாம், சுவரு எப்ப வரும்னு. சுவரு வரல. ரெண்டாவது சுத்துல கை கொஞ்சம் ஓய்ஞ்சுச்சு, பக்கத்துல பாக்க நேரம் கிடைச்சுது. பல் டாக்டர் காரு வந்துச்சு. பின்சீட்டுல குழந்தை உக்கார்ற நாற்காலியைக் கூட அவர் கழட்டல. அது பாட்டுக்கு முந்திட்டுப் போயிடுச்சு. பெயின்ட் கடைக்காரர் போனார். அப்புறம் டிரைவிங் ஸ்கூல் கார், கூரை மேல "பழகுநர்"னு பலகையோட, தண்ணியை வாரி இறைச்சுட்டுப் போச்சு. ஜன்னல் கயிறுக்காகத் திறந்திருந்துச்சா, அந்தத் தண்ணி முழுக்க எங்கண்ணன் மூஞ்சியில.

ஒவ்வொரு வளைவுலயும் ஒரு ஆள் நின்னு நீலக் கொடியை ஆட்டிக்கிட்டே இருந்தார். அண்ணி கேட்டிருக்காங்க, "நம்மைப் பாத்து ஏன் கொடி ஆட்டுறாங்க?" எங்கண்ணன், "உற்சாகப்படுத்துறாங்க"ன்னானாம்.

மூணாவது சுத்துல அண்ணி வேகம் காட்டுற முள்ளைப் பாத்தாங்க. நாப்பது. நேர் ரோட்டுல நாப்பது. வளைவுல இருபத்தஞ்சு. அதுக்கப்புறம் வைப்பரை இழுக்குற வேகம் தன்னால குறைஞ்சுது. நான் வெளியில நின்னு பாத்தேன், இழு, கொஞ்சம் விடு, இழு, கொஞ்சம் விடு. துணி காயப் போடுறவங்க கை மாதிரி அவசரமே இல்லாம போச்சு. அடுத்த சுத்துல கார் மறுபடி இருமிச்சு, ரெண்டு தடவை குலுங்கிச்சு, வளைவுக்கு முன்னாடியே மூச்சை விட்டு, மெதுவா உருண்டு போய் புல்லுல நின்னுச்சு. நின்ன அதிர்ச்சியில ஒரு வைப்பர் கை கழண்டு கயிறோட ஜன்னல் வழியா உள்ளே வந்து அண்ணி மடியில விழுந்துச்சாம்.

கிளப் ஜீப்பு போய்க் கட்டி இழுத்துட்டு வந்துச்சு. அண்ணி இறங்கினாங்க, கையில அந்த வைப்பரைப் பிடிச்சுக்கிட்டு. எங்கண்ணன் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, தலையை உதறி, அடுத்து என்ன செஞ்சான் தெரியுமா? வாயைத் திறந்தான்.

"பாத்தியா? கடைசி வளைவுல எப்படி வழுக்கிடுச்சு. கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். நான்தான் பிடிச்சு நிறுத்தினேன்."

பக்கத்து சீட்டுல உக்காந்து வந்தவங்ககிட்ட. நான் நிறைய பொய்க்காரங்களைப் பாத்திருக்கேன், சீட்டு உறை வாங்கிட்டு காசு நாளைக்குத் தரேன்னு போற வியாபாரிங்களோட பொழைக்கிறவ நான். ஆனா ஒருத்தர் கண்ணால பாத்ததை அவங்ககிட்டயே மாத்திச் சொல்ற தைரியம் அன்னிக்குத்தான் பாத்தேன். அவனும் அதை நம்பியே சொன்னான், அதுதான் கொடுமை.

அண்ணி மழைக்கோட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சார், அந்த நீலக் கொடி எதுக்கு?"ன்னு கேட்டாங்க.

"பின்னாடி வேகமா வர்றவங்களுக்கு வழி விடுங்கன்னும்மா."

"எங்களுக்கு மட்டுமா காட்டினீங்க?"

அந்த மனுஷனுக்கு நாசூக்கு தெரியாது. "சார் வந்தா நாங்க கொடியை மடக்கறதே இல்லைம்மா"ன்னுட்டுப் போனார்.

அண்ணி என்னைப் பாத்தாங்க. "வெயில்லயும் இப்படித்தானா?"

"வெயில்ல இன்னும் கொஞ்சம் கூட, அண்ணி. அம்பது போவும்."

அண்ணி வைப்பரை கார் மேல வச்சாங்க. தகரக் கூரை மேல மழை அடிக்கிற சத்தத்துல, குரலைக் கொஞ்சம் கூட ஒசத்தாமதான் பேசினாங்க. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு.

"நான் வேலைக்குப் போற பஸ்ஸு இதை விட வேகமா போகும். பதினோரு வருஷமா, நீங்க இங்க வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாம் நான் டியூட்டி கேட்டு வாங்கிப் போனேன். என்னைக் கட்டாயப்படுத்திப் போடுறாங்கன்னு உங்ககிட்ட சொன்னேன். பொய். நானேதான் கேட்டேன். இங்கேருந்து யாருக்கு அடிபட்டாலும் எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வருவாங்க. வேற யாரோ உக்காந்து உங்க பேரைப் பதியக் கூடாதுன்னு போனேன். ஆம்புலன்ஸ் வந்து நின்னா முகத்தைப் பாக்க மாட்டேன். போர்வைக்கு வெளியே தெரியுற காலைப் பாப்பேன், உங்க சிவப்பு ஷூவான்னு. இல்லேன்னு தெரிஞ்சதும் சந்தோஷப்படுவேன். வேற எவளோட புருஷனோ அங்கே ரத்தமா கிடப்பான், நான் சந்தோஷப்படுவேன். அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து பேரு எழுதுவேன்."

இத்தனை வருஷத்துல இது எனக்கே தெரியாது. எங்கண்ணன் தன்னோட ஷூவையே பாத்துக்கிட்டு நின்னான். தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

இப்பவாவது மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இந்தக் கதையை இவ்வளவு நீளமா சொல்லியிருக்க மாட்டேன். அந்த ஜன்மம் என்ன கேட்டுச்சு தெரியுமா?

"அப்போ... உனக்குப் பயமில்லதானே? காரை விக்க வேண்டியதில்லதானே?"

"வச்சுக்கோங்க"ன்னாங்க அண்ணி. "தாராளமா ஓட்டுங்க. எனக்கு இனிமே ஒரு பயமும் இல்ல."

கேட்டது கிடைச்சுடுச்சு அவனுக்கு. சிரிக்கலாமா வேண்டாமான்னு தெரியாம வாயைக் கோணலா வச்சுக்கிட்டு நின்னான். அண்ணி என்னைக் கூட்டிக்கிட்டு கேன்டீனுக்குப் போய், டீயும் ரெண்டு பன்னும் வாங்கி, ரெண்டையும் அவங்களே சாப்பிட்டாங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையாம்.

அடுத்த மாசம் பிரஷர் எறங்கிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். டாக்டர் மாத்திரையைக் கூட பாதியாக் குறைச்சுட்டாராம். எங்கண்ணன் வைப்பர் மோட்டாரை மறுபடி மாட்டியிருந்தான், மேல் தகட்டையும் மாட்டியிருந்தான். டைல்ஸ் கடையில லீவு நாள், டிராக் நாள், வெயில் பளிச்சுன்னு அடிக்குது. நான் வேனை எடுத்துட்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

ஹால்ல ரேஸ்காரங்க போடுற சூட்டை மாட்டிக்கிட்டு, ஹெல்மெட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னான். அண்ணி அன்னிக்கு டியூட்டி கேக்கல. சோபாவுல காலை நீட்டிப் படுத்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"நான் கிளம்புறேன்"னான்.

"ம்."

நகரல அவன். ஹெல்மெட்டை இந்தக் கைக்கு மாத்தினான். "இன்னிக்கு டிராக் நல்லா காஞ்சிருக்கும். வேகம் பிச்சுக்கிட்டுப் போகும்."

அண்ணி பேப்பர்ல அடுத்த பக்கத்தைத் திருப்பினாங்க. "வரும்போது பால் வாங்கிட்டு வந்துடுங்க. காலியாயிடுச்சு."

வந்து என் பக்கத்துல ஏறி உக்காந்தான். தெருமுனை தாண்டுறதுக்குள்ள நிறுத்தச் சொன்னான். "பாலை இப்பவே வாங்கிடறேன், சாயந்தரம் தீந்து போயிடும்"னு இறங்கினான். வாங்கிட்டு வந்து, "வெயில்ல கெட்டுடும். குடுத்துட்டு வந்துடறேன்"னான். வண்டியைத் திருப்பினேன். உள்ளே போனவன் வரல. ஹார்ன் அடிச்சேன், வரல. கார் டிரெய்லர் மேல கட்டின கட்டோட நிக்குது, ரோட்டுல போறவன் எல்லாம் பாக்குறான். எனக்குப் பொறுக்கல, இறங்கிப் போனேன்.

சமையல் அறையில, கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துவிட்ட அந்த சூட்டோட நின்னு பாலைக் காய்ச்சிக்கிட்டு இருந்தான். திரும்பிப் பாக்காமலே, "நீ போ"ன்னான். ரெண்டு திட்டு திட்டலாம்னுதான் போனேன். பாவமா இருந்துச்சு, அதுக்காகவும் அவன் மேல கோவம் வந்துச்சு. ஹால்ல பேப்பரை மூஞ்சி மேல போட்டுக்கிட்டு அண்ணி நல்லா தூங்கிக்கிட்டு இருந்தாங்க.